காய்ச்சல் கணக்கு

தை பிறந்தால் பாரிஸில் மெட்ரோவுக்குள் இருமல் தொடங்கிவிடும். முதலில் ஒரு பெட்டிக்கு ஒருவர் இருமுவார். அடுத்த கிழமை நான்கைந்து பேர். சால்வையை மூக்குவரை இழுத்து மூடிக்கொண்டு ஆளையாள் கடைக்கண்ணால் பார்த்துக்கொள்வார்கள். அதே நாட்களில் ரிவிச் செய்தியில் பிரான்ஸின் வரைபடம் ஒன்றும் வரும். வெளிறிக் கிடந்த பிராந்தியங்கள் கிழமைக்குக் கிழமை சிவந்துகொண்டு போகும். இவர்கள் 'கிறிப்' என்று சொல்லுகிற இன்புளுவென்சா நாட்டின் எந்த மூலையில் எவ்வளவு என்று காட்டுகிற படம் அது. ஒரு இலட்சம் பேருக்கு இத்தனை பேர் என்று கணக்கும் சொல்வார்கள்.

இந்தப் படத்தை நாங்கள் முதன்முதலில் நின்று பார்த்தது 2015 தை மாதத்தில். அப்போது லா கூர்நெவ்வில் ஒரு அறையில் ஐந்து பேர் இருந்தோம். அதில் மூன்று பேருக்கு பாரிஸ் நகருக்குள் ஒரே ரெஸ்ரோறண்டில் வேலை. பிரெஞ்சுச் சாப்பாடு, பிரெஞ்சுப் பெயர், குசினிக்குள் மட்டும் முழுத் தமிழ். பகல் சேவை முடிந்து பாரைத் துடைக்கும்போது ரிவியில் வரைபடம் போய்க்கொண்டிருந்தது. இல்-து-பிரான்ஸ் நல்ல சிவப்பு. "பாத்தியளே, எங்கட பக்கமும் வந்திட்டுது" என்று சூப் அண்ணை சொன்னார். சொல்லிவிட்டு அவரே இருமினார்.

அண்ணையைப் பற்றிச் சொல்லமுன் இந்த வரைபடம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லவேண்டும். ஊரில் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் புள்ளிவிபரவியல் படித்து, மிச்சத்தை விட்டுவிட்டு வந்தவர்கள் நாங்கள். கோப்பை கழுவுகிற கைக்கு அந்தப் படிப்பால் ஒரு பிரயோசனமும் இல்லை. ஆனால் ஒரு கோடு ஏறி இறங்குவதைக் கண்டால் அது எப்படிக் கீறப்பட்டது என்று தேடிப் பார்க்கிற பழக்கம் மட்டும் போகவில்லை.

1984இல் அலன்-ஜாக் வலெறோன் என்ற பேராசிரியர் இன்செர்ம் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து தொடக்கிய ஏற்பாடு இது. நாடு முழுக்க இருக்கும் சாதாரண குடும்ப டொக்டர்மாரில் விரும்பியவர்கள் சேருவார்கள். தங்களிடம் வருகிற நோயாளிகளில் குறிப்பிட்ட சில வருத்தங்கள் எத்தனை பேருக்கு என்று கிழமைதோறும் அறிவிப்பார்கள். அந்தக் காலத்தில் இன்ரநெற் இல்லை. பிரெஞ்சுக்காரர் வீட்டுக்கு வீடு வைத்திருந்த மினிற்றெல் என்ற சின்னப் பெட்டி ரெலிபோன் வயரில் வேலை செய்தது. அதில் தட்டி அனுப்பினார்கள். மினிற்றெல் 2012இல் நின்றுபோனது. வலைப்பின்னல் நிற்கவில்லை. இவ்வளவு பெரிய நாட்டுக்கு ஆயிரத்துச் சொச்சம் டொக்டர்மார்தான், நூற்றுக்கு இரண்டு பேர் அளவில். அதிலும் எல்லோரும் எல்லாக் கிழமையும் அறிவிப்பதில்லை. அந்தச் சிறு பங்கிலிருந்து முழு நாட்டையும் மதிப்பிடுவார்கள். சோறு வெந்ததா என்று நாலு பருக்கையை நசித்துப் பார்க்கிற அதே நியாயந்தான்.

இந்த ஏற்பாட்டின் பெயர் 'சென்ரினல்'. எங்களுடைய தலைமுறைக்கு இந்தச் சொல்லை எவரும் மொழிபெயர்த்துச் சொல்லத் தேவையில்லை. சென்றிக்குப் பக்கத்தில் பிறந்து சென்றியில் சைக்கிளை உருட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவர்கள் நாங்கள். அங்கே இருந்த சென்றி பெயர் கேட்கும், அடையாள அட்டை கேட்கும், எங்கே போகிறாய் யாரிடம் போகிறாய் என்று கேட்கும். இந்த டொக்டர்மாரின் சென்றி பெயர் கேட்பதில்லை. வயது, ஆணா பெண்ணா, ஊசி போட்டதா, இவ்வளவுதான். இதை வாசித்தபோது உண்மையில் எங்களுக்கு ஒரு மரியாதை வந்தது. பெயர் கேட்காமலும் ஆட்களை எண்ணலாம் என்பது எங்களுக்குப் புதிது.

எதைக் கிறிப் என்று எண்ணுவது என்பதற்கும் ஒரு வரையறை வைத்திருந்தார்கள். திடீரென்று 39 பாகைக்கு மேல் காய்ச்சல், உடம்பு உளைவு, கூடவே இருமல் அல்லது மூச்சுப்பாதையில் வேறு குறி. இந்த மூன்றும் இருந்தால் எண்ணு. பிறகு சேர்பிளிங் என்ற அமெரிக்கர் 1963இல் எழுதிய முறைப்படி ஒரு எல்லை போடுவார்கள். தொற்று பெருகாத காலங்களில் இந்தக் குறிகள் எந்த மாதத்தில் எவ்வளவு இருக்குமென்று பழைய வருடங்களைக் கொண்டு ஒரு அலைக்கோடு கீறுவது. அதற்கு மேலே ஒரு எல்லைக்கோடு. உண்மைக் கணக்கு இரண்டு கிழமை தொடர்ந்து அந்த எல்லையைத் தாண்டினால் 'எப்பிடெமி' என்று அறிவிப்பார்கள். ஒரு கிழமை தாண்டினால் போதாது. ஒரு கிழமை என்பது தற்செயலாகவும் இருக்கலாம் அல்லவா. இந்த நிதானம் எங்களுக்குப் பிடித்திருந்தது.

சூப் அண்ணைக்கு அந்தக் கிழமை வியாழக்கிழமை இரவு காய்ச்சல் காய்ந்தது. எங்களுடைய அறையில் தேர்மோமீற்றர் இல்லை. புறங்கையை நெற்றியில் வைத்துப் பார்த்தோம். கொதித்தது. 39ஆ, 38.5ஆ என்று புறங்கைக்குத் தெரியாது. கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்துக் கொடுத்தோம். டொலிப்ரான் இரண்டு போட்டார். காலை எழும்பி வேலைக்கு வெளிக்கிட்டார்.

"அண்ணை, இண்டைக்கு நில்லுங்கோவன்."

"நிண்டா ஆர் சூப் வைக்கிறது? வெள்ளிக்கிழமை எண்பது கூவேர் வரும்."

அவர் ஏன் நிற்கவில்லை என்பதை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் பிழையாக விளங்கிக்கொள்வார்கள். டொக்டருக்குக் கொடுக்கக் காசில்லை என்பதல்ல விஷயம். பேப்பர் இல்லாதவர்களுக்கும் மூன்று மாதம் இந்த நாட்டில் இருந்ததைக் காட்டினால் இலவச வைத்தியத்துக்கு அட்டை கிடைக்கும். 2000ஆம் ஆண்டிலிருந்து உள்ள ஏற்பாடு அது. அண்ணையிடமும் இருந்தது. ஆனால் இந்த நாட்டில் கிறிப் வந்தவர்களில் நிறையப் பேர் டொக்டரிடம் போவது மருந்துக்காக மட்டுமல்ல, 'அறே' என்கிற லீவுத் துண்டுக்காகவும். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் வேலை பறிபோகாது. முதல் மூன்று நாளுக்குக் காப்புறுதி காசு தராது, பிறகு தரும். பதிவில்லாமல் வேலை செய்கிறவனுக்கு அந்தத் துண்டு எதற்கு? முதலாளியின் புத்தகத்தில் இல்லாத ஆளுக்கு லீவு எப்படி இருக்கும்? துண்டு வேண்டாத ஆள் டொக்டரிடம் போகமாட்டான். டொக்டரிடம் போகாத ஆள் வரைபடத்தில் வரமாட்டான். சிவப்பு என்று ரிவியில் காட்டிய எங்கள் பிராந்தியத்தில் சூப் அண்ணையின் காய்ச்சலுக்கு ஒரு பொட்டுச் சிவப்பும் இல்லை.

வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் காய்ச்சலோடு நின்று சூப் வைத்தார். ஞாயிறு பின்னேரம் எங்களில் இன்னொருவருக்குத் தொடங்கியது. திங்கள் மூடும் நாள். செவ்வாய்க்கிழமை இருமிக்கொண்டு மூன்று பேரும் போனோம்.

செவ்வாய்க்கிழமை என்றால் யன்னலோர மேசைக்கு ஒரு கிழவி வருவார். எண்பது வயதுக்கு மேல் இருக்கும். தனி ஆள். லீக்ஸும் உருளைக்கிழங்கும் போட்ட சூப், அரைக் கிளாஸ் வைன், பிறகு ஒரு கோப்பி. போகும்போது குசினி வாசல்வரை மெல்ல நடந்து வந்து அண்ணையின் கையை இரண்டு கையாலும் பிடித்து "மெர்சி ஷெஃப்" என்று சொல்லிவிட்டுத்தான் போவார். அண்ணை ஷெஃப் இல்லை. சூப்பும் சலாட்டும் போடுகிற ஆள். இருந்தாலும் அந்தக் கிழமை முழுக்க ஷெஃப் மாதிரித்தான் நடப்பார். அன்றைக்கும் அந்த அம்மா வந்தார். அன்றைக்கும் கையைப் பிடித்தார். அண்ணை மற்றப் பக்கம் திரும்பி இருமிவிட்டுச் சிரித்ததை நாங்கள் மூன்று அடி தூரத்தில் நின்று பார்த்தோம்.

சூப்பால் கிறிப் தொற்றாது. அவ்வளவு கொதியில் எந்த வைரஸும் மிஞ்சாது. மூச்சாலும் இருமலாலும், இருமிய கையாலும் தொற்றும். காய்ச்சல் தொடங்குவதற்கு ஒரு நாள் முந்தியே மற்றவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கி, பிறகு ஐந்து ஏழு நாள்வரை கொடுத்துக்கொண்டிருக்கலாம். இதையெல்லாம் பிறகுதான் வாசித்தோம். அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: மாசக் கடைசி வருகிறது, அறை வாடகை கட்டவேண்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை இரவு அண்ணைக்கு மூச்சு எடுக்கக் கஷ்டமாகிவிட்டது. உதடு கறுத்துப்போய் இருந்தது. ரக்சி பிடித்து ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனோம். மறிக்கவில்லை, காசு கேட்கவில்லை, உடனே உள்ளே எடுத்தார்கள். பன்னிரண்டு நாள் வைத்திருந்தார்கள். 2003 கோடையில் வெக்கையில் ஏறத்தாழ 15,000 பேர், பெரும்பாலும் முதியவர்கள், செத்துப்போன பிறகுதான் அவசரப் பிரிவுகளிலிருந்து நாளாந்தம் கணக்கு எடுக்கிற முறையை இந்த நாடு 2004இல் தொடக்கியது. ஆகவே அண்ணை எப்படியோ ஒரு கணக்கில் விழுந்திருப்பார். ஆனால் வெளியே வரும்போது கொடுத்த கடுதாசியில் 'நியுமோப்பத்தி' என்றுதான் எழுதியிருந்தது. கிறிப் என்ற சொல் அதில் ஓர் இடத்திலும் இல்லை.

இனிச் சொல்லவேண்டியது சொல்ல விருப்பமில்லாத பகுதி. அண்ணை ஆஸ்பத்திரிக்குப் போன அடுத்த நாளே பத்ரோன் எங்களிடம் கேட்டார்: "உங்களுக்குத் தெரிந்த பொடியன் யாராவது இருக்கிறானா?" எங்களுடைய அறையிலேயே ஒருவன் மூன்று மாதமாக வேலை இல்லாமல் இருந்தான். அவனும் வாடகைப் பங்கு கட்டவேண்டும். கூட்டிக்கொண்டு போய் விட்டோம். அண்ணை வந்ததும் அவன் விலகிவிடுவான் என்றுதான் எங்களுக்குள் கதைத்துக்கொண்டோம். பத்ரோனிடம் அதை யாரும் சொல்லவில்லை. பன்னிரண்டு நாள் கழித்து அண்ணை மெலிந்து வந்து குசினி வாசலில் நின்றபோது, புதிய ஆள் நன்றாகச் செய்கிறான், நீ ஆறுதலாக ஓய்வெடு என்று பத்ரோன் தோளில் தட்டி அனுப்பிவிட்டார். அன்று இரவு அறையில் ஒருவரும் ஒருவரோடும் பேசவில்லை. சித்திரை மாதம் அண்ணை தூலூஸ் பக்கம் போய்விட்டார். போகும்போது எங்களில் ஒருவரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை அம்மா அதற்குப் பிறகு வரவில்லை. மாசி முழுக்க வரவில்லை. பங்குனியில் யன்னலோர மேசையை வேறு ஆட்களுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். பரிமாறுகிற பெட்டையிடம் கேட்டோம். தோளைக் குலுக்கினாள். மகள் வீட்டுக்குப் போயிருக்கலாம். முதியோர் இல்லத்துக்குப் போயிருக்கலாம். சூப் மாறிவிட்டதால் வேறு கடைக்குப் போயிருக்கலாம். புதுப் பொடியனின் சூப் அவ்வளவு சரியில்லைத்தான்.

அந்தக் குளிர்காலக் கணக்கு பிறகு வெளிவந்தது. கிறிப்புக்காக டொக்டரிடம் போனவர்கள் கிட்டத்தட்ட 30 இலட்சம். பரவிய வைரஸ்களில் முக்கியமானது எச்3என்2 என்ற வகை, முதியவர்களைத்தான் மோசமாகத் தாக்குவது. அந்த வருட ஊசி அதற்குச் சரியாகப் பொருந்தவுமில்லை. அந்தக் கிழமைகளில் நாட்டில் வழமையாக எதிர்பார்க்கக்கூடிய சாவுகளைவிட 18,300 சாவுகள் கூடுதலாக நடந்தன என்று பொதுச் சுகாதாரக் கண்காணிப்பு நிறுவனம் மதிப்பிட்டது. மிகப் பெரும்பாலானவர்கள் 65 வயதுக்கு மேற்பட்டவர்கள். எல்லாம் கிறிப்பினால் என்று அவர்களும் சொல்லவில்லை. குளிரும் இருந்தது, வேறு வருத்தங்களும் இருந்தன. சாவு அத்தாட்சியில் கிறிப் என்று எழுதப்படுவது குறைவு என்பதால்தான் இப்படி, வழமையான சாவு எவ்வளவு, இம்முறை எவ்வளவு என்று கழித்துப் பார்க்கிறார்கள். சாவுக்கும் ஒரு அலைக்கோடு, அதற்கு மேலே எவ்வளவு என்று பார்ப்பது.

18,300இல் ஒன்று அந்த அம்மாவா என்று எங்களால் சொல்லமுடியாது. புள்ளிவிபரவியல் படித்தவன் அப்படிக் கேட்கவும் கூடாது. தொகையை உடைத்துத் தனி ஆளைத் தேடமுடியாது என்பது அந்தப் பாடத்தில் சொல்லித்தருகிற முதல் விஷயங்களில் ஒன்று. ஆனால் நாங்கள் பாடத்தை முடிக்காமல் வந்தவர்கள். அந்த இரண்டு கைகள் அண்ணையின் கையைப் பிடித்ததை இப்போதும் நினைத்துக்கொள்கிறோம்.

அடுத்த குளிர்காலம் நாங்கள் 'கிறிப்நெற்' என்ற ஏற்பாட்டில் பெயர் பதிந்தோம். பெயர் என்றால் பெயர் இல்லை, ஒரு மின்னஞ்சல் முகவரி போதும். 2012 தை மாதத்தில் சென்ரினல்காரர்களும் மற்றவர்களும் சேர்ந்து தொடக்கியது. டொக்டரிடம் போகாதவர்கள் கணக்கில் விழுவதில்லை என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. அதனால் பிரான்ஸில் வாழ்கிற யாரும், தாங்களே, கிழமைக்கு ஒருதரம் தங்களுக்கு என்ன குறி இருந்தது என்று எழுதலாம். இருமல், தடிமன், காய்ச்சல், உடம்பு உளைவு, அல்லது ஒன்றுமில்லை. எங்களைப் போன்றவர்களுக்காகவே செய்யப்பட்டது போல் இருந்தது.

முதலாவது படிவத்தில் வீட்டில் எத்தனை பேர் என்று வயதுவாரியாகக் கேட்டார்கள். நான்கு வயதுவரை எத்தனை, பதினெட்டுவரை எத்தனை, 44வரை, 64வரை, அதற்கு மேல். எங்கள் அறைக்கு எல்லாக் கட்டத்திலும் பூச்சியம், ஒரே கட்டத்தில் மட்டும் ஐந்து. அதைப் பார்க்கிற ஆராய்ச்சிக்காரர் இது என்ன குடும்பம் என்று யோசித்திருப்பாரோ தெரியாது. கிழமைப் படிவத்தில், வருத்தம் வந்ததால் வேலைக்குப் போகாமல் நின்றீர்களா, டொக்டரிடம் போனீர்களா என்றும் கேட்டார்கள். இல்லை, இல்லை. அப்படி இல்லை என்று எழுதுவதற்கு ஒரு கட்டம் இருந்ததே எங்களுக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

அறையில் மற்றவர்களையும் சேரச் சொன்னோம். "உதில எழுதினா ஒஃப்ப்றாவுக்குப் போகுமோ?" என்று ஒருவன் கேட்டான். போகாது என்றோம். "போகாதெண்டு உமக்கு ஆர் சொன்னது?" என்றான். பதில் இல்லை. ஒருவரும் சேரவில்லை. படிவம் பிரெஞ்சில் இருந்ததும் ஒரு காரணம். ஆனால் பெரிய காரணம் அவன் கேட்ட கேள்விதான். எண்ணப்படாமல் இருப்பதால்தான் தப்பியிருக்கிறோம் என்று நினைக்கிறவனை நீயும் கணக்கில் வா என்று கூப்பிடுவது லேசான காரியமல்ல. அவன் பிழை என்று எங்களால் சொல்லமுடியவில்லை.

2020இல் நடந்தது எல்லோருக்கும் தெரியும். பங்குனி 14 நள்ளிரவோடு ரெஸ்ரோறண்டுகளைப் பூட்டச் சொன்னார்கள். அந்த மாதமே சென்ரினல் வலைப்பின்னல் கிறிப் என்ற பழைய வரையறையை விட்டு, மூச்சுத்தொற்றுகள் எல்லாவற்றையும் சேர்த்து எண்ணத் தொடங்கியது. ஐப்பசி கடைசியில் திரும்பவும் பூட்டு. அடுத்த வருடம் வைகாசி 19வரை திறக்கவில்லை. பதிவுள்ளவர்களுக்கு அரசாங்கம் சம்பளத்தின் பெரும் பங்கைக் கொடுத்தது. பதிவில்லாதவர்களுக்கு ஒன்றுமில்லை. அவர்கள் லாசப்பலில் சாப்பாட்டுப் பார்சல் வரிசையில் நின்றார்கள்.

அந்தக் குளிர்காலம், 2020இலிருந்து 2021க்கு, பிரான்ஸில் கிறிப் தொற்றலை வரவேயில்லை. கோடு நிலத்தோடு படுத்துக் கிடந்தது. முகமூடி, கை கழுவல், எல்லை மூடல் என்று பல காரணம் சொன்னார்கள், எல்லாம் சரிதான். குசினிகளும் பூட்டியிருந்தன என்பதைக் காரணங்களின் நடுவே எங்காவது ஒரு மூலையில் போடலாம் என்று எங்களுக்குத் தோன்றியது. வேலையில்லாமல் அறைக்குள் இருந்த அந்த ஆறு ஏழு மாதத்தில் எங்களில் ஒருவருக்கும் ஒரு தடிமன்கூட வரவில்லை. அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு குளிர்காலம் இருந்ததில்லை.

2024-25 குளிர்காலம் திரும்பவும் மோசமாக இருந்தது. தை மாதத்தில் பல ஆஸ்பத்திரிகள் அவசரத் திட்டம் அறிவிக்கவேண்டியதாகிவிட்டது. இப்போது எங்களிடம் காட் இருக்கிறது, வேறு ரெஸ்ரோறண்டில் பதிவோடு வேலை, லீவுத் துண்டு கொடுத்தால் செல்லும். குசினி அலுமாரிக்குள் ஒரு தேர்மோமீற்றரும் வாங்கி வைத்திருக்கிறோம். கோப்பை கழுவுகிற இடத்தில் புதிதாக ஒரு பொடியன், வந்து ஐந்து மாதம், பேப்பர் இல்லை. ஒரு புதன்கிழமை தண்ணீருக்குள் கையை வைத்துக்கொண்டு நடுங்கினான். தேர்மோமீற்றரை வைத்துப் பார்த்தோம். 39.2.

"வீட்டை போம் தம்பி."

"அண்ணை, போனா நிப்பாட்டிப் போடுவினமோ?"

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று மட்டும் சொல்லி அனுப்பினோம். அன்றும் அடுத்த நாளும் எங்கள் வேலையை முடித்துவிட்டு அவனுடைய கோப்பைகளையும் கழுவினோம். பத்து வருடம் கழித்து அந்த வேலைக்குக் கை பழக்கம் விட்டுப்போயிருந்தது. இரண்டு கிளாஸ் உடைந்தது. கிழமைப் படிவம் வந்தபோது எங்களுக்கு ஒன்றுமில்லை என்று நிரப்பினோம். அது உண்மைதான். பொடியனின் 39.2ஐ எழுத அதில் இடம் இல்லை. அவனாகவே எழுதவேண்டும், அவன் எழுதமாட்டான்.

மூன்றாம் நாள் இரவு புதுப் பத்ரோன் குசினி வாசலில் வந்து நின்றார். உங்களுக்குத் தெரிந்த பொடியன் யாராவது இருக்கிறானா என்று கேட்டார். பைப்பை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டோம். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லை என்பது மாதிரிக் குனிந்து நின்று கழுவிக்கொண்டிருந்தோம். அவர் இன்னொரு தரம் கேட்டார்.